வீட்டுல அடிபட்டு வர்ற புள்ளைங்களைப் பாத்துக்குற நர்ஸுங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

வார்டுக்குப் புதுசா போஸ்டிங் வர்ற ஸ்டாஃப், டிரெய்னிங் பிள்ளைங்க, வேற ஜிஹெச்ல இருந்து நைட் டூட்டி நடுவுல போன் பண்ற ஃப்ரெண்ட்ஸ்னு எல்லாரும் சுத்திச் சுத்தி இதே டவுட்டுகளைத்தான் கேக்குறாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் நோட் அனுப்பி மாளல, அதான் அவங்க கேட்ட வாக்குலயே எழுதி வச்சுட்டேன். தமிழ்நாட்டு கவர்மென்ட் ஆஸ்பத்திரி நடைமுறைய வச்சுத்தான் எழுதுறேன், பிரைவேட்ல ஃபார்ம் பேரு மாறும், சட்டம் ஒண்ணுதான்.

ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடுறேன். நம்ம வேலை துப்பறியிறது கிடையாது. பாக்கணும், பாத்ததை எழுதணும், சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்லணும், அது வரைக்கும் புள்ளைய பத்திரமா வச்சுக்கணும். அடிச்சது யாருன்னு தீர்ப்பு சொல்றதுக்கு வேற ஆளுங்க இருக்காங்க.

குடும்ப வன்முறையில பாதிச்ச குழந்தைன்னா அடிபட்ட குழந்தைதானே சிஸ்டர்? சும்மா கூட வந்த புள்ளைக்கு நாம என்ன பண்றது?

இந்தக் கேள்வி நிறைய பேருக்குத் தோணுறதே இல்ல, அதனாலதான் முதல்ல வச்சிருக்கேன். ராத்திரி கேசுவால்டில தலை பொளந்து ஒரு அம்மா வந்திருப்பா, டாக்டர் தையல் போட்டுட்டு இருப்பாரு, வெளிய பெஞ்சுல ஒரு ஆறு வயசுப் பையன் தங்கச்சிய மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருப்பான். அவன் மேல ஒரு கீறல் இருக்காது. அழவும் மாட்டான். ஆனா கதவு திறக்குற ஒவ்வொரு தடவையும் தலை அந்தப் பக்கம் திரும்பும், அந்த ராத்திரிச் சாப்பாடும் சாப்பிட்டிருக்க மாட்டான். அவனும் நம்ம பேஷன்ட்தான், ஓபி சீட்டு இல்லையே தவிர.

முதல்ல தண்ணி, பிஸ்கட். அப்புறம் "உனக்கு எங்கயாச்சும் வலிக்குதா?"ன்னு கேட்டு, டூட்டி டாக்டர்கிட்ட சொல்லி தலையில இருந்து கால் வரைக்கும் ஒரு தடவை பாக்க வைக்கணும், ஏன்னா அம்மாவை அடிக்கும்போது நடுவுல புகுந்து தடுக்குற புள்ளைங்க முதுகுலயும் கையிலயும் வாங்கியிருப்பாங்க, அம்மா ரத்தத்தைப் பாத்த பதட்டத்துல அது யாருக்கும் தெரியாது. இடுப்புல இருந்த கைக்குழந்தைக்கும் இதேதான்.

அடியே படாம பாத்துக்கிட்டு மட்டும் இருந்தாலும் பாதிப்பு பாதிப்புதான். 1998ல அமெரிக்காவுல வெளிவந்த பெரிய ஆய்வு ஒண்ணு, அம்மா அடி வாங்குறதைப் பாத்து வளர்றதையும் குழந்தைக்கு நடந்த கொடுமை லிஸ்ட்லயே சேத்துத்தான் கணக்கு பண்ணுச்சு, அந்த மாதிரி அனுபவம் கூடக்கூட பெரியவங்களானப்புறம் டிப்ரெஷன், குடி, ஹார்ட் பிரச்சனை எல்லாமே கூடுதுன்னு அதுல வந்துச்சு.

ரெண்டு அடி போடாத வீடு எங்க சிஸ்டர் இருக்கு? எல்லாத்தையும் கேஸ் ஆக்க முடியுமா?

எங்கயும் இருக்குங்கிறது உண்மைதான். மத்திய அரசு 2007ல 13 மாநிலத்துல எடுத்து வெளியிட்ட ஆய்வுலயே மூணு குழந்தைல ரெண்டு பேர் அடி வாங்கினவங்கன்னு வந்துச்சு, வீட்டுல அடி வாங்கினவங்கள்ல 88.6 சதவீதம் பேரை அடிச்சது பெத்தவங்களேதான். நிறைய நடக்குதுங்கிறதுக்காக அது சரியாகிடாது, ஆனா முதுகுல ஒரு தட்டு தட்டின அம்மாவையெல்லாம் ஸ்டேஷனுக்கு அனுப்பணும்னு யாரும் சொல்லல.

நமக்கு இருக்குற கோடு எளிமையானது. காயம் பட்டிருக்கா, இல்ல புள்ளை பயந்து ஒடுங்கிப் போயிருக்கா, திரும்ப நடக்கும்னு தோணுதா? ஆமான்னா சும்மா விடக்கூடாது. சிறார் நீதிச் சட்டம் 2015ல 75வது பிரிவு இதுக்குத்தான் இருக்கு, பொறுப்புல இருக்குறவங்களே புள்ளைய அடிச்சு, கொடுமைப்படுத்தி தேவையில்லாத உடல் வேதனையோ மன வேதனையோ குடுத்தா 3 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல 1 லட்சம் அபராதம், இல்ல ரெண்டும்.

விழுந்ததா அடிச்சதான்னு எப்படித் தெரிஞ்சுக்குறது? எல்லாரும் "மாடிப்படில விழுந்துட்டான்"னுதான் சொல்றாங்க

உறுதியா நம்மளால சொல்ல முடியாது, சொல்லவும் வேணாம், சந்தேகப்படத் தெரிஞ்சா போதும். ஓடி விளையாடுற புள்ளை விழுந்தா முட்டி, முழங்காலுக்குக் கீழ, நெத்தி, முழங்கைன்னு எலும்பு துருத்திக்கிட்டு இருக்குற இடத்துலதான் படும். நாலு வயசுக்குள்ள இருக்குற புள்ளைக்கு நெஞ்சு, வயிறு, முதுகு, காது, கழுத்துல கன்னிப்போயிருந்தா கவனிங்க. கொழுகொழு கன்னம், தாடை முனை, கண் இமை, கண்ணோட வெள்ளையில ரத்தம், மேல் உதட்டுக்கு உள்பக்கம் இருக்குற சின்ன சவ்வு கிழிஞ்சிருக்கிறது, இதெல்லாமும் அதே லிஸ்ட்தான். காதுக்குப் பின்னாடி பாக்க யாருக்கும் ஞாபகம் வராது, முடிய ஒதுக்கிட்டுப் பாருங்க.

அப்புறம் தடத்தோட வடிவம். சார்ஜர் ஒயர், அயர்ன் பாக்ஸ் ஒயரை ரெண்டா மடிச்சு அடிச்சா தொடையில நீளமா வளைஞ்சு திரும்புற கோடு விழும், எந்தப் படிக்கட்டும் அப்படி ஒரு கோடு போடாது. கன்னத்துல அறைஞ்சா விரல் விரலா இணைகோடு தெரியும். சுடுதண்ணி மேல கொட்டினா தாறுமாறா, கீழ போகப்போக குறைஞ்சுக்கிட்டே போகும், புடிச்சு முக்கி வச்சிருந்தா ரெண்டு கால்லயும் ஒரே உயரத்துல அளந்து வெட்டின மாதிரி கோடு நிக்கும். கரண்டி சூடு, சிகரெட் சூடு ஓரம் தெளிவா இருக்கும்.

காயத்தை விட கதைதான் நிறைய சொல்லும். நேத்து காலைல பட்ட எலும்பு முறிவுக்கு இன்னைக்கு ராத்திரி வர்றது, அப்பா ஒண்ணு சொல்ல பாட்டி வேற சொல்றது, ட்ரையேஜ்ல (வந்ததும் முதல்ல பாத்து அவசரத்தைப் பிரிக்கிற இடம்) கட்டில்ல இருந்து விழுந்ததா சொன்ன புள்ளை வார்டுக்கு வர்றதுக்குள்ள சைக்கிள்ல இருந்து விழுந்ததா மாறுறது. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, கன்னல் (கன்னிப்போன தடம்) பச்சையா இருக்கு மஞ்சளா இருக்குன்னு பாத்து "இது மூணு நாள் பழசு"ன்னு எழுதாதீங்க, நிறத்தை வச்சு நாள் சொல்றது நம்ப முடியாத வேலை, கோர்ட்டுல அந்த ஒரு வரிய புடிச்சுக்கிட்டு மொத்த நோட்ஸையும் உடைச்சிடுவாங்க. என்ன நிறம், எத்தனை சென்டிமீட்டர், எந்த இடம், அவ்ளோதான்.

கைக்குழந்தைக்கு இதெல்லாம் எப்படிப் பாக்குறது? அதுக்கு சொல்லவும் தெரியாதே

குப்புற விழக்கூடத் தெரியாத குழந்தை மேல கன்னல் தானா வர்றது ரொம்ப அபூர்வம். நாலு மாசத்துக்குள்ள இருக்குற புள்ளைக்கு உடம்புல எங்க ஒரு சின்ன கன்னல் இருந்தாலும் டாக்டரைக் கூப்பிடணும், நடக்காத புள்ளைக்குத் தொடை எலும்பு உடைஞ்சிருந்தாலும் அப்படித்தான்.

தூக்கிப் புடிச்சு வேகமா உலுக்கின குழந்தை வெளிய காயமே இல்லாம வரும். பால் குடிக்கல, வாந்தி, ஒரே தூக்கம், ஃபிட்ஸ்னு சொல்லுவாங்க, நாம இன்ஃபெக்‌ஷன்னு நினைச்சுக்கிட்டு இருப்போம். உச்சிக்குழி புடைச்சிருந்தா, தலை சுற்றளவு கூடியிருந்தா, மூச்சு விட்டுவிட்டு வாங்கினா உடனே சொல்லுங்க. தலைக்கு ஸ்கேன், கண் டாக்டர் வந்து விழித்திரை பாக்குறது, ரெண்டு வயசுக்குள்ளன்னா முழு எலும்பு எக்ஸ்ரே, இதெல்லாம் டாக்டர் முடிவு. விடாம அழுற குழந்தையத்தான் பெரும்பாலும் உலுக்குறாங்க, அதனால டெலிவரி வார்டுல டிஸ்சார்ஜ் பண்ணும்போதே "தாங்க முடியலன்னா குழந்தைய பத்திரமா படுக்க வச்சுட்டு அஞ்சு நிமிஷம் வெளிய போய் நில்லுங்க"ன்னு அப்பாவையும் கூப்பிட்டு வச்சு சொல்லிடணும்.

இப்படிப் பாக்க ஆரம்பிச்சா எல்லா புள்ளையும் அடிபட்ட மாதிரியே தெரியுதே

தெரியும், கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும். நம்ம ஊர்க் குழந்தைங்களுக்கு இடுப்புலயும் முதுகுலயும் பொறந்ததுல இருந்தே நீலத் திட்டு இருக்கும், அது கன்னல் இல்ல, அழுத்தினா வலிக்காது, நாலு நாள்ல நிறமும் மாறாது. பிளேட்லெட் குறைஞ்சாலும் ஹீமோஃபீலியா இருந்தாலும் தொட்ட இடமெல்லாம் கன்னும், அதான் டாக்டர் பிளட் டெஸ்ட் கேப்பாரு. ரிக்கெட்ஸ், பொறவி எலும்பு நோய்லயும் எலும்பு சும்மாவே உடையும்.

நாட்டு வைத்தியம் இன்னொரு பக்கம். மஞ்சக்காமாலைக்கு, வயித்துவலிக்குன்னு வயித்துல சூடு போட்டுக் கூட்டிட்டு வருவாங்க, "உரம் விழுந்துருச்சு"ன்னு குழந்தைய சேலையில போட்டு உருட்டி எடுத்திருப்பாங்க. கோவத்துல பண்ணது இல்லதான், ஆனாலும் காயம் காயம்தான், எழுதி டாக்டர்கிட்ட காட்டணும். அம்மாகிட்ட பேசுற தொனி மட்டும் வேற.

குழந்தைகிட்ட நேரா கேட்டுடலாமா? என்னனு கேக்குறது?

கேக்கலாம், கூட வந்தவங்க பக்கத்துல இல்லாதப்போ. எக்ஸ்ரேக்கு கூட்டிட்டுப் போறப்போ, வெயிட் பாக்குறப்போ தானா ஒரு இடைவெளி கிடைக்கும். அவன் உயரத்துக்கு உக்காந்துக்கோங்க, கை நீட்டுற தூரத்துக்குக் கொஞ்சம் தள்ளி. "இங்க என்ன ஆச்சு, சொல்றியா?" போதும். "அப்பா அடிச்சாரா?"ன்னு கேக்காதீங்க, பதிலை நாமளே வாயில ஊட்டிவிட்டதா ஆயிடும், அதுவும் இல்லாம சின்னப் புள்ளைங்க பெரியவங்க எதைக் கேட்டாலும் தலையாட்டும்.

சொல்லலைனா விட்டுடுங்க. சொன்னா நடுவுல குறுக்கிடாம கேளுங்க, "அய்யோ அப்படியா பண்ணான் பாவி"ன்னு அதிர்ச்சி காட்டினா அத்தோட வாய மூடிக்கும். "சொன்னது நல்லது, இது உன் தப்பு இல்ல"ன்னு சொல்லிட்டு நிறுத்திக்கோங்க. எத்தனை தடவை, எதால, எந்த ரூம்லன்னு நோண்டுறது நம்ம வேலை இல்ல. வார்டுல இருக்குற நாலு நர்ஸும், ஹவுஸ் சர்ஜனும், ஸ்டூடண்ட்ஸும் வரிசையா வந்து அதே கேள்வியக் கேக்குறதையும் நிறுத்துங்க, அது விசாரணையும் இல்ல வைத்தியமும் இல்ல.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க ஆன்ட்டி"ன்னு சத்தியம் கேக்குது. பண்ணிக் குடுத்தா தப்பா?

பண்ணிக் குடுக்காதீங்க, மீற வேண்டி வரும், அப்புறம் எந்தப் பெரியவங்களையும் அது நம்பாது. "எல்லார்கிட்டயும் சொல்ல மாட்டேன். உன்ன பத்திரமா வச்சுக்க யாருக்குத் தெரியணுமோ அவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன், சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்"னு உண்மைய சொல்லுங்க. ஏழு எட்டு வயசுப் புள்ளைக்கு இது நல்லாவே புரியும்.

கேஸ் ஷீட்ல எப்படி எழுதுறது? தப்பா எழுதி மாட்டிக்கப் பயமா இருக்கு

பயப்பட வேண்டியது எழுதாம விடுறதுக்குத்தான். பாத்தது வேற, கேட்டது வேற, நீங்களா நினைக்கிறது வேற. மூணாவதை எழுதாதீங்க. "அப்பா அடித்ததால் ஏற்பட்ட காயம்"னு எழுதினா நீங்க சாட்சி மாதிரி ஆயிடுவீங்க, நீங்க பாக்கல. "இரவு 11.40. எக்ஸ்ரே அறைக்குச் செல்லும்போது, ஆயா மட்டும் உடன் இருந்தார். 'என்ன ஆச்சு' என்று கேட்டதற்குக் குழந்தை, 'அப்பா பெல்ட் எடுத்தாரு, நான் கட்டிலுக்கு அடியில போயிட்டேன்' என்றான்"னு எழுதுங்க. கேள்வியும் இருக்கணும், பதிலும் இருக்கணும்.

நோட்ஸ் இங்கிலீஷ்ல போட்டாலும் புள்ளை சொன்ன வாக்கியத்தை மட்டும் தமிழ்லயே, அது சொன்ன மாதிரியே எழுதுங்க, மொழிபெயர்க்கும்போது நம்ம வார்த்தை நுழைஞ்சிடும். கூட வந்தவங்க சொன்ன கதையையும் அப்படியே நேரம் போட்டு எழுதுங்க, மாத்தி சொன்னா மாத்தி சொன்னதையும். உடம்பு படம் இருக்குற ஃபார்ம் இருந்தா அதுல குறிங்க, இல்லைனா ஒரு வெள்ளைத் தாள்ல முன்பக்கம் பின்பக்கம் வரைஞ்சு குறிச்சு கையெழுத்து, தேதி போட்டு கேஸ் ஷீட்டோட சேத்துடுங்க. அடிச்சுத் திருத்தணும்னா ஒத்தக் கோடு, பக்கத்துல கையெழுத்து. ஒயிட்னர் கூடவே கூடாது.

யார்கிட்ட சொல்லணும்? ஏ.ஆர் (ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர்) போட்டாச்சுன்னா முடிஞ்சுதா?

முடியல. ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர் டாக்டர் போடுறது, அதுல இருந்து தகவல் ஆஸ்பத்திரியிலயே இருக்குற அவுட்போஸ்ட் போலீஸுக்குப் போகும். அது குற்றம் சம்பந்தப்பட்ட பாதை. புள்ளையோட பாதுகாப்புக்கு இன்னொரு பாதை இருக்கு, 1098. 1996ல மும்பைல ஆரம்பிச்ச சைல்ட்லைன்தான் இது, 2023ல இருந்து அரசாங்கமே நடத்துது, அவசர உதவி எண் 112ஓட இணைச்சிருக்காங்க. அங்க சொன்னா மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போகும், அங்கிருந்து குழந்தைகள் நலக் குழு. புள்ளை எங்க இருக்கணும், யார்கூட போகணும்னு முடிவு பண்ற அதிகாரம் அந்தக் குழுவுக்குத்தான், ஒரு தலைவர், நாலு உறுப்பினர், மாஜிஸ்ட்ரேட் அதிகாரத்தோட உக்காருவாங்க.

நிறைய பேருக்குத் தெரியாத விஷயம், சிறார் நீதிச் சட்டம் 31வது பிரிவுல, பாதுகாப்பு தேவைப்படுற குழந்தைய குழு முன்னாடி கொண்டு போகலாம்னு சொல்ற ஆளுங்க பட்டியல்ல நர்ஸுன்னு பேர் சொல்லியே போட்டிருக்காங்க. பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள்ள பண்ணணும். அட்மிஷன்ல இருக்குற புள்ளைய தூக்கிட்டு ஓடணும்னு அர்த்தம் இல்ல, தகவல் போனா வழக்கமா அவங்க ஆளு வார்டுக்கு வருவாங்க.

பாலியல் கொடுமைன்னு சந்தேகம் வந்தாலே கதை வேற. போக்சோ சட்டம் 2012, 19வது பிரிவு, போலீஸுக்குச் சொல்லியே ஆகணும், சொல்லலைனா 6 மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல அபராதம், இல்ல ரெண்டும். பொண்ணா இருந்தா பெண் டாக்டர்தான் பரிசோதிக்கணும், அம்மாவோ புள்ளை நம்புற ஒருத்தரோ கூட இருக்கணும், யாரும் இல்லைனா ஆஸ்பத்திரி தலைமை ஒரு பெண்ணை நியமிக்கணும், அந்த இடத்துல நிக்கிறது பெரும்பாலும் நாமதான். எஃப்ஐஆர் இல்லைன்னு சிகிச்சைய நிறுத்தி வைக்க பிரைவேட் ஆஸ்பத்திரிக்குக்கூட உரிமை இல்ல.

டூட்டி டாக்டர் "குடும்ப விஷயம், விடுங்க சிஸ்டர்"னு சொல்லிட்டாரு. அவரை மீறி நான் என்ன பண்ண முடியும்?

சண்டை போடாதீங்க. "சார், இந்த மூணு இடத்துல இப்படி இருக்கு, புள்ளை இப்படி சொல்லுச்சு, அம்மா ரெண்டு தடவை மாத்தி சொன்னாங்க"ன்னு காட்டி, "டாக்டரிடம் தெரிவிக்கப்பட்டது"ன்னு பேரோட நேரத்தோட நோட்ஸ்ல எழுதுங்க. அதைப் பாத்ததும் பாதி பேர் திரும்பி வந்து பாப்பாங்க. அப்பவும் இல்லைன்னா இன்சார்ஜ் சிஸ்டர், நர்சிங் சூப்பரின்டென்டென்ட், ஆர்எம்ஓ (ரெசிடென்ட் மெடிக்கல் ஆபீசர்)னு வரிசையா மேல போங்க.

அதுக்கும் மேல, 1098க்கு யார் வேணாலும் கூப்பிடலாம், டாக்டர் கையெழுத்து தேவை இல்ல. நல்ல எண்ணத்தோட தகவல் குடுத்தவங்க மேல வழக்கு போட முடியாதுன்னு போக்சோலயும் குடும்ப வன்முறைச் சட்டம் 2005லயும் தெளிவா எழுதியிருக்கு.

ஊசி போட்டாலும் அழாம பாத்துக்கிட்டே இருக்கான், ரொம்ப நல்ல பையன். அதுலயும் ஏதாச்சும் இருக்கா?

இருக்கு. நாலு வயசுப் புள்ளை கேனுலா போடும்போது அழணும், கத்தணும், காலை உதைக்கணும். சத்தமே இல்லாம உறைஞ்சு போய் உங்க கையையே பாத்துட்டு இருந்தா, அழுதா இன்னும் விழும்னு கத்துக்கிட்ட புள்ளையா இருக்கலாம். வலி இல்லைன்னு நினைச்சு மருந்தைத் தள்ளிப் போடாதீங்க. பேசத் தெரிஞ்ச புள்ளைக்கு முகப்படம் காட்டிக் கேளுங்க, சின்னதுக்கு முகம், கால், அசைவு, அழுகை, தேறுதல்னு அஞ்சையும் பாத்து மார்க் போடுங்க, ஆனா இந்தப் புள்ளைங்களுக்கு அழுகை மார்க் எப்பவும் குறைச்சலாத்தான் வரும், அதையும் மனசுல வச்சுக்கோங்க.

பின்னாடி இருந்து போய் தொடாதீங்க. முதல்ல குரல், அப்புறம் முகம், அப்புறம் கை. "இப்ப பிளாஸ்டர் எடுக்கப் போறேன், ஓரத்தை நீ எடுக்கிறியா?"ன்னு கேளுங்க. நாலு பேர் சேந்து அமுக்கிப் புடிக்கிறது இவங்களுக்கு வீட்டுல நடந்ததே திரும்ப நடக்குற மாதிரி, அம்மா மடியிலயோ ஆயா மடியிலயோ வச்சே பண்ணப் பாருங்க. கதவு தெரியுற மாதிரி, சுவரோரமா கட்டில் குடுங்க. படுக்கை நனைச்சா ஒண்ணும் பேசாம ஷீட்டை மாத்துங்க, தலைகாணிக்கு அடியில பன்னு ஒளிச்சு வச்சிருந்தா திட்டாதீங்க, எறும்பு வராம ஒரு டப்பா குடுங்க. முடிஞ்ச வரைக்கும் ஒரே ஸ்டாஃபுக்கு அந்தப் புள்ளைய அசைன் பண்ணச் சொல்லுங்க.

எங்க வார்டுல இருக்குறது அதுக்கு நேர் எதிர், கடிக்குது, துப்புது, என்னையே அடிக்குது

அதுவும் அதே பயம்தான், வேற வழியா வெளிய வருது. ஹேண்டோவர்ல "பெட் ஏழு, வயலன்ட் சைல்டு"ன்னு சொல்லாதீங்க, அடுத்த ஷிஃப்ட் அந்தக் கண்ணோடதான் பாக்கும். எப்போ அடிச்சான், அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க. பெரும்பாலும் யாரோ ஆம்பளை குரல் உசந்திருக்கும், இல்ல கையைப் புடிச்சு இழுத்திருப்பாங்க. "அடிக்க விட மாட்டேன், ஆனா நான் உன்ன அடிக்கவும் மாட்டேன்"னு மெதுவா சொல்லிட்டு ரெண்டடி தள்ளி நில்லுங்க. பிசையிறதுக்கு ஏதாச்சும் குடுங்க, கையுறைய ஊதி பலூன் பண்றது நம்ம வார்டுக்குன்னே இருக்குற வைத்தியம், வாயில வைக்கிற வயசுப் புள்ளைக்கு மட்டும் வேணாம்.

அந்த அம்மாவைப் பாத்தா எனக்குக் கோவம்தான் வருது. புள்ளை அடி வாங்குறத பாத்துட்டு எப்படி அந்த ஆளோடயே இருக்கா?

கோவம் வரட்டும், முகத்துல காட்டாதீங்க. முதல் பதில்ல சொன்ன வீட்டைத் திருப்பிப் பாருங்க, புள்ளை அடி வாங்குற வீட்டுல அம்மாவும் பெரும்பாலும் வாங்குறா, வெளிய வரும்போதுதான் ஆபத்து அதிகமாகுதுங்கிறது நம்மள விட அவளுக்கு நல்லாத் தெரியும். "ஏன் விட்டுட்டு வரல"ன்னு கேட்டா அடுத்த தடவை புள்ளைக்கு அடிபட்டா ஆஸ்பத்திரிக்கே வர மாட்டா.

தனியா கிடைக்கும்போது கேளுங்க, புருஷனோ மாமியாரோ பக்கத்துல இருக்கும்போது வேணவே வேணாம். "வீட்டுல உங்களுக்குப் பயம் இருக்காம்மா?" ஒரு வரி. ஆமான்னா பெண்கள் உதவி எண் 181ஐ வாயால சொல்லுங்க, சீட்டு எழுதிக் குடுத்தா வீட்டுல சிக்கும். குடும்ப வன்முறைச் சட்டத்துல பாதுகாப்பு அலுவலர் மூலமாவே மாஜிஸ்ட்ரேட்கிட்ட மனு போடலாம், சாதாரணமா 3 நாளுக்குள்ள முதல் விசாரணை வரணும், புள்ளைங்கள தற்காலிகமா அவகிட்டயே விடச் சொல்லி உத்தரவு கேக்கலாம். அதோட, வீட்டை விட்டு அந்த ஆளை வெளியேறச் சொல்லி உத்தரவு போடவும் கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கு, வீடு அவன் பேர்ல இருந்தாலும். இதைக் கேக்கும்போது நிமிர்ந்து பாக்காத பொம்பளைய நான் பாத்ததில்ல, ஏன்னா போனா நாமதான் போகணும்னு எல்லாரும் நினைச்சுட்டு இருக்காங்க.

அடிச்சதே அம்மாதான்னா?

சொல்ற பாதை மாறாது, மேல சொன்னதேதான், அம்மாங்கிறதுக்காக ஏ.ஆர் போடாம விடக்கூடாது. அந்த அம்மாவுக்கும் டாக்டர் பாக்கணும். பிரசவத்துக்கு அப்புறம் வர்ற மனநோய், அவளே தினம் அடி வாங்குறது, தூக்கமே இல்லாதது எதுவும் இருக்கலாம். கூட ஆள் இல்லாம புள்ளையோட தனியா விடாதீங்க, அதே சமயம் திருடியப் பாக்குற மாதிரி காவல் காக்கவும் வேணாம்.

தகவல் சொன்னா புள்ளைய ஹோமுக்குத் தூக்கிட்டுப் போயிடுவாங்கன்னு நம்ம ஸ்டாஃபே பயப்படுறாங்க. ஹோம் கடைசி வழி. பாட்டி, சித்தின்னு சொந்தத்துல யாராச்சும் பாத்துக்க முடியுமான்னுதான் முதல்ல பாக்கணும், தகுதி இருந்தா மிஷன் வாத்சல்யா திட்டத்துல மாசம் 4000 ரூபா உதவித்தொகைக்கும் வழி இருக்கு.

அப்பா குடிச்சிட்டு வந்து "என் புள்ளைய நான் கூட்டிட்டுப் போறேன், எழுதிக் குடுத்துட்டுப் போறேன்"னு கத்துறாரு. தடுக்க முடியுமா?

நீங்க தனியா தடுக்காதீங்க, வாக்குவாதமும் வேணாம். "உங்க புள்ளை எங்ககிட்ட எல்லாம் சொல்லிடுச்சு"ன்னு மட்டும் வாய் தவறிக்கூட சொல்லிடாதீங்க, அது போய் விழுறது புள்ளை மேல. "டாக்டர் வந்து பாத்துத்தான் அனுப்பணும் சார், உக்காருங்க"ன்னு சொல்லிட்டு செக்யூரிட்டி, அவுட்போஸ்ட், டூட்டி டாக்டர் மூணு பேருக்கும் ஆள் அனுப்புங்க. கை நீட்டினா தமிழ்நாட்டுல மருத்துவப் பணியாளர் பாதுகாப்புக்குன்னு 2008ல போட்ட சட்டத்துல நர்ஸும் வர்றாங்க. முன்னாடியே பயம் இருந்தா கட்டிலை நர்ஸ் டேபிள் பக்கத்துக்கு மாத்திடுங்க.

அட்வைஸை மீறி டிஸ்சார்ஜ் கேட்டா, கையெழுத்து வாங்குறதுக்கு முன்னாடியே போலீஸுக்கும் 1098க்கும் தகவல் போயிருக்கணும். குழு உத்தரவு வந்துட்டா அப்பாவே ஆனாலும் குடுக்க முடியாது. உத்தரவு வர்றதுக்குள்ள சொல்லாம தூக்கிட்டுப் போயிட்டா நேரம், யார் தூக்கினது, என்ன உடை, எந்த வண்டி எல்லாம் எழுதிட்டு உடனே 112. காலைல ரவுண்ட்ஸ்ல சொல்லிக்கலாம்னு வைக்காதீங்க.

மருந்து குடிச்சிட்டு வந்த பதினஞ்சு வயசுப் பொண்ணு, "பரீட்சைல மார்க் குறைஞ்சுது"ங்கிறா. அதுக்கு மேல கேக்கணுமா?

கேக்கணும், சிகிச்சை குடுத்து உயிர் தப்பினப்புறம். மார்க் குறைஞ்சா வீட்டுல என்ன நடக்கும்னு கேளுங்க, பதில் அங்க இருக்கும். போலீஸ் கேஸ் ஆயிடுமோன்னு குடும்பமே பொய் சொல்லும், மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017ல 115வது பிரிவு வந்தப்புறம் தற்கொலைக்கு முயற்சி பண்ணவங்க கடுமையான மன அழுத்தத்துல இருந்தவங்கன்னுதான் எடுத்துக்கணும், தண்டிக்கிறதுக்கு இல்ல, இதை அவங்களுக்குச் சொல்லுங்க. சைக்கியாட்ரி பாக்காம டிஸ்சார்ஜ் வேணாம், வீட்டுக்குப் போனப்புறம் பேச 14416 இருக்கு, தமிழ்லயே பேசுவாங்க, காசு கிடையாது.

தனியா பேசும்போது வீட்டுல யாரோ தப்பா தொடுறாங்கன்னு வந்தா மேல சொன்ன போக்சோ பதிலுக்குப் போங்க, "வேணாம் சிஸ்டர்"னு அவ கெஞ்சினாலும் சட்டத்துல நமக்கு வழி இல்ல, அதான் சத்தியம் பண்ணாதீங்கன்னு சொன்னேன்.

காயத்தை என் போன்ல போட்டோ எடுத்து டாக்டருக்கு வாட்ஸப் பண்ணலாமா? அவசரத்துக்குத்தானே

வேணாம். போட்டோ தேவைன்னா டாக்டர் சொல்லி, சம்மதம் வாங்கி, ஆஸ்பத்திரி கேமரால, பக்கத்துல ஸ்கேல் வச்சு எடுத்து கேஸ் ஷீட்டோட வைக்கணும். நம்ம போன்ல இருந்தா பேக்கப் ஆகும், யாராச்சும் குரூப்ல தட்டி விட்டுடுவாங்க. புள்ளைய அடையாளம் காட்டுற எதையும் வெளியிட்டா சிறார் நீதிச் சட்டம் 74வது பிரிவுல 6 மாசம் வரைக்கும் ஜெயில், 2 லட்சம் வரைக்கும் அபராதம் இருக்கு. முகத்தை மறைச்சு ஸ்டேட்டஸ் வச்சு "கடவுளே"ன்னு எழுதுறவங்களுக்கும் இதான் பதில், ஊர்ப்பேரும் வார்டும் தெரிஞ்சா முகம் தேவையே இல்ல.

நான் கோர்ட்டுக்குப் போக வேண்டி வருமா?

வரலாம். சம்மன் ஆஸ்பத்திரி வழியா வரும், போறது டூட்டியாத்தான் கணக்கு. ரெண்டு மூணு வருஷம் கழிச்சு கூப்பிடுவாங்க, புள்ளை முகம்கூட மறந்திருக்கும், ரெக்கார்டு செக்‌ஷன்ல இருந்து கேஸ் ஷீட் வாங்கிப் படிச்சுட்டுப் போங்க. பாத்ததைச் சொல்லுங்க, தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லுங்க. அன்னைக்கு 11.40னு எழுதினது இன்னைக்கு உங்களுக்கு உதவும்.

இவ்ளோ நடந்தும் புள்ளை "அப்பாகிட்டயே போகணும்"னு அழுது. அப்போ நாம பண்ணது தப்பா?

இல்ல. அந்தப் புள்ளைக்கு அப்பா மேல பயமும் இருக்கு பாசமும் இருக்கு, பைக்ல முன்னாடி உக்கார வச்சு பரோட்டா வாங்கிக் குடுத்ததும் அதே ஆள்தான். "அப்படிப்பட்ட அப்பா உனக்கு எதுக்கு"ன்னு சொல்லாதீங்க, அவனைத் திட்டினா தன்னையே திட்டின மாதிரி புள்ளை எடுத்துக்கும். "அப்பாவை தேடுது இல்ல?"ன்னு மட்டும் சொல்லிட்டு பக்கத்துல உக்காருங்க. தான் வாய் திறந்ததாலதான் அப்பாவை போலீஸ் கூட்டிட்டுப் போச்சுன்னு நினைச்சுக்கும், அது பெரியவங்க எடுத்த முடிவுன்னு ஒரு தடவை இல்ல, கேக்குறப்பல்லாம் சொல்லணும்.

சிஸ்டர், இது வேற மாதிரி கேள்வி. என் வீட்டுலயும் இதுதான் நடக்குது. இந்த கேஸ் வந்தா கை நடுங்குது. என்னால எப்படிப் பாக்க முடியும்?

இதை எனக்கு மெசேஜ்ல கேட்டவங்க ஒருத்தர் இல்ல, வேற வேற ஊர்ல இருந்து கேட்டிருக்காங்க. யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு அடுத்தவங்க காயத்துக்கு டிரெஸ்ஸிங் பண்றவங்க முழுக்கை பிளவுஸுக்குள்ள சொந்தக் காயத்தை மறைக்கிறது நம்ம வேலையில புதுசு இல்ல. அம்மாவுக்கு மேல எழுதின எல்லாம் உங்களுக்கும்தான், 181, பாதுகாப்பு அலுவலர், வீட்டுலயே இருக்குற உரிமை எல்லாமே. 2015ல இருந்து இருக்குற ஒன் ஸ்டாப் சென்டர்ல வக்கீல், கவுன்சிலிங், அஞ்சு நாள் வரைக்கும் தங்குற இடம் ஒரே கூரையில கிடைக்கும், சொந்த ஊர்ல தெரிஞ்சவங்க கண்ணுல பட்டுடுமோன்னு பயமா இருந்தா முதல்ல 181க்குப் போன் பண்ணி எங்க எப்படிப் போகலாம்னு அவங்ககிட்டயே கேட்டுக்கலாம். வீட்டுல புள்ளை இருந்தா அதுவும் பெஞ்சுல உக்காந்திருந்த அந்தப் பையன் மாதிரி பாத்துட்டுத்தான் இருக்கு.

டூட்டிய பொறுத்த வரைக்கும், இன்சார்ஜ்கிட்ட அந்த பெட்டை மாத்திக் குடுங்கன்னு கேக்கலாம், காரணம் சொல்லணும்னு கட்டாயம் இல்ல. இன்சார்ஜா இருக்குறவங்க இதைப் படிச்சா, அப்படி யாராச்சும் வந்து கேட்டா ஏன்னு தோண்டாம மாத்திக் குடுங்க, ஷிஃப்ட் முடிஞ்சு டீ குடிக்கிறப்போ தனியா பக்கத்துல போய் உக்காருங்க.